தப்பு. மறுபடி.

இது நடந்தது. எனக்கு நடந்தது. யாரோட சித்தப்பாவோ பார்த்தாராம், யாரோட ஓரகத்தியோ மயங்கி விழுந்தாங்களாம்ங்கற கதையெல்லாம் எனக்கு ஆகாது. அப்படிச் சொல்றவங்களை நடுவுல நிறுத்தி, "நீங்க உங்க கண்ணால பார்த்தீங்களா?"ன்னு கேட்டு வாயை அடைக்கற ரகம் நான். இப்ப என்னையே நாலு பேர் அப்படிக் கேக்கறாங்க. நல்லா கேளுங்க. நான் எதையும் பார்க்கல. ஆனா காதால கேட்டேன். கேக்கறதுதான் எனக்குத் தொழிலே.

ரெக்கார்டிங் ஸ்டூடியோவுல சவுண்ட் இன்ஜினியர் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் பேசுவாங்க. இந்தப் பக்கம் ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு நான் உக்கார்ந்து அதைப் பதிவு பண்ணி, வெட்டி, ஒட்டி, சுத்தம் பண்ணிக் கொடுப்பேன். மூச்சு இழுக்கற சத்தத்தை வெச்சே ஆள் யாருன்னு சொல்லிடுவேன். வாயும் கொஞ்சம் பெருசு. அதனால எனக்கு 'சவுண்டு'ன்னே பேர் வெச்சுட்டா மிட்டாய்.

மிட்டாய்ங்கறது என் தோழி. குரல் கொடுக்கறது அவ தொழில். தொண்டை கெட்டுடக் கூடாதுன்னு எந்நேரமும் வாயில ஒரு தொண்டை மிட்டாய் கிடக்கும். அது பல்லுல இடிச்சு 'டக்'னு ஒரு சத்தம் வரும். எத்தனை நாள் திட்டியிருப்பேன்! "மைக் முன்னாடி துப்பித் தொலைடி"ன்னா, கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு இளிப்பா. என் வீட்டுல பாதி நாள் சாப்பாடு. என் புடவை பாதி அவகிட்ட. கூடப் பிறக்கலைங்கறது ஒண்ணுதான் குறை.

அவகிட்ட ஒரு பழக்கம் உண்டு. படிக்கும்போது தப்பாயிட்டா மத்தவங்க "சாரி, ஒன் மோர்"ம்பாங்க. இவ அப்படிச் சொல்லமாட்டா. 'டக்'னு ஒரு சத்தம். அப்புறம், "தப்பு. மறுபடி." உடனே திருத்திப் படிப்பா. மணி எத்தனை ஆனாலும் சரி. "தப்போட விட்டுட்டு வீட்டுக்குப் போகமாட்டேன், சவுண்டு"ன்னு அடம் பிடிப்பா.

ஒரு கம்பெனி எங்ககிட்ட ஒரு பெரிய வேலை கொடுத்துச்சு. கார்ல பேசறதுக்குக் குரல். ஃபோனைக் காரோட இணைச்சுட்டா, வர்ற மெசேஜைக் காரே படிச்சுச் சொல்லும். பதிலை நம்ம வாயால சொன்னா போதும். அதுவே எழுதி, "அனுப்பவா?"ன்னு கேட்டு அனுப்பிடும். கை ஸ்டியரிங்கை விட வேண்டியதே இல்ல. அதுக்கு மிட்டாய் மாசக்கணக்கா வாக்கியம் வாக்கியமா படிச்சா. அவளோட ஒவ்வொரு 'டக்'கையும், ஒவ்வொரு "தப்பு, மறுபடி"யையும் என் கையாலதான் வெட்டி எறிஞ்சேன். ஒண்ணு கூட விட்டிருக்க மாட்டேன். என் வேலை அப்படி.

அந்த வேலை முடிஞ்ச கொஞ்ச நாள்லயே மிட்டாய் செத்துப்போயிட்டா.

ஊருக்கு வெளிய ஏரி ரோடு. வளைவுல அவ கார் பள்ளத்துல உருண்டுடுச்சு. அன்னிக்கு அவ எனக்கு அனுப்பின மெசேஜ் என்ன தெரியுமா? "தொண்டை சரியில்ல, சவுண்டு. வீட்லயே படுத்திருக்கேன். நீ சாப்பிட்டுடு." வீட்ல படுத்திருக்கறவ அங்க எதுக்குப் போனான்னு யாருக்கும் புரியல. அவ ஃபோனும் கிடைக்கல, தண்ணிக்குள்ள போயிருக்கும்னாங்க. டாக்டர் ஒண்ணு சொன்னார். "ஒரு மணி நேரமாவது உயிரோட இருந்திருக்காங்க. யாராவது பார்த்துச் சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

யாராவது பார்த்திருந்தா... இதைச் சொல்லிச் சொல்லியே நான் அழுதேன். என் வீட்டுக்காரர்தான் என்னைத் தாங்கினார். சோறு இறங்கலைன்னா உருட்டி வாயில ஊட்டினார். எவ்வளவு நல்ல மனுஷன்னு எங்க அம்மா கூடக் கண்ணைத் துடைச்சாங்க.

அப்புறம் நாலு மாசம் கழிச்சு அவருக்கு மாற்றல் வந்துச்சு. வேற ஊர், ரொம்ப தூரம். சரியா அதே வாரம் எங்க ஸ்டூடியோ முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, "எனக்கு வயசாயிடுச்சு. இனிமே இதை நீயே நடத்தும்மா. வேணாம்னா சாவியைக் கொண்டாந்து கொடு, வேற ஆள் பார்க்கறேன்"ன்னாங்க. பதினாலு வருஷமா நான் கனவு கண்டது அது. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். கடைசியில அவர் பக்கம்தான் சாய்ஞ்சேன். மிட்டாயும் இல்லாத ஊர்ல எனக்கு இருக்கறது அவர் ஒருத்தர்தானேன்னு நினைச்சேன்.

ஆக, சாவியைக் கொடுக்கக் கிளம்பின அன்னிக்குத்தான் இது நடந்துச்சு.

என் ஸ்கூட்டர் மெக்கானிக்கிட்ட கிடந்தது. வெளிய மழை. ஸ்டூடியோவுல என் சாமான் ரெண்டு பெட்டி. வேற வழியில்லாம காலையில அவர் தன் காரைக் கொடுத்தார். சும்மா கொடுத்துடுவாரா? அந்தக் காரை நான் தொட்டா தேய்ஞ்சு போயிடும். சாவியைக் கையில வெச்சுக்கிட்டே சொன்னார்.

"உன் ஃபோனைக் கார்ல இணைக்காத."

"ஏன்?"

"ஒரே தொல்லை அது. சும்மா ஓட்டு."

பேய்னா நடுராத்திரி பன்னண்டு மணிக்கு வரும்பாங்க. எனக்கு வந்தது சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்கு. ஆபீஸ் விடற நேரம், நல்ல டிராஃபிக்.

ஸ்டூடியோவோட கார் பார்க்கிங்ல பெட்டியெல்லாம் டிக்கியில ஏத்திட்டு உக்கார்ந்தேன். செய்யாதன்னு சொன்னா செய்யறதுதானே நம்ம குணம். அதோட, இந்த மாதிரி கார்லதான் மிட்டாய் குரல் வரும்னு அவளே சொல்லியிருந்தா. அவர் எப்பவும் அந்தப் பேச்சை அணைச்சு வெச்சிருப்பார், தலைவலின்னு. அதனால நான் கேட்டதே இல்ல. அதைப் போட்டுவிட்டு, ஃபோனை இணைச்சேன்.

"உங்கள் ஃபோன் இணைக்கப்பட்டது."

மிட்டாய்!

அவளேதான். அந்த 'ட்ட'வுல லேசா ஒரு அழுத்தம் கொடுப்பா, அது கூட அப்படியே இருந்துச்சு. ஸ்டியரிங் மேல தலையை வெச்சு ஓன்னு அழுதேன். பயமில்ல. சந்தோஷம். இனிமே இந்தக் குரல் என்னோடயே வரும்னு நினைச்சேன்.

அப்ப மறுபடியும் சொல்லுச்சு. "உங்கள் ஃபோன் இணைக்கப்பட்டது."

ஒரு ஃபோனுக்கு ஒரு தடவைதானே சொல்லணும்? ஏதோ கோளாறுன்னு விட்டுட்டேன். மூக்கைச் சிந்திட்டு வண்டியை எடுத்தேன்.

அஞ்சு அம்பத்திரண்டு. மேம்பாலத்துக்கு அடியில வண்டிங்க ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு. வீட்டுக்காரர்கிட்ட இருந்து மெசேஜ். கார் படிச்சுது.

"நான் ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன். வர லேட்டாகும். நீயே போய் சாவியைக் கொடுத்துடு."

சரின்னு சொல்ல வாயைத் திறந்தேன்.

டக்.

"தப்பு. மறுபடி."

பிரேக்கை அழுத்திட்டேன்.

"நான் வீட்லதான் இருக்கேன். அந்த அம்மா முன்னாடி வந்து நிக்க எனக்கு இஷ்டமில்ல. நீயே போய் சாவியைக் கொடுத்துடு."

சிவப்பு விளக்குல நின்னதும் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். எழுத்துல 'ஆபீஸ்'னுதான் இருந்துச்சு. வீடுன்னு ஒரு வார்த்தை இல்ல.

நான் வெட்டாம விட்ட ஒரு துண்டு உள்ள போயிடுச்சுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். 'தப்பு, மறுபடி' வேணா அப்படி வந்திருக்கும். ஆனா அதுக்கப்புறம் வந்தது? அதை யாரு, எப்ப படிச்சா? நெஞ்சு கேக்கல. எதிர் வீட்டு டீச்சருக்கு ஃபோன் போட்டேன்.

"டீச்சர், எங்க வீட்ல லைட் எரியுதா?"

"எரியுதே. உங்க வீட்டுக்காரர் மத்தியானமே வந்துட்டாரே. டிவி சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

சின்னப் பொய்தான். எல்லா வீட்லயும் நடக்கற பொய். ஆனா அதைக் காட்டிக் கொடுத்தது யாரு?

ஆறு மணி ஏழு நிமிஷம். மழை வலுத்துடுச்சு. அடுத்த மெசேஜ்.

"கம்பெனி மாத்துது, நான் என்ன பண்ண முடியும்? அங்க உனக்கு வேற ஸ்டூடியோவா கிடைக்காது. யோசிக்காம கொடுத்துட்டு வா."

நான் மூச்சை நிறுத்திக்கிட்டுக் காத்திருந்தேன். வராதுன்னு... வரக் கூடாதுன்னு...

டக்.

"தப்பு. மறுபடி."

"மாற்றல் நானே கேட்டு வாங்கினது. இந்த ஊர்ல இருந்தா என்னிக்காவது நீ கண்டுபிடிச்சுடுவே."

எதை?

"எதைக் கண்டுபிடிப்பேன்?" வாய் விட்டே கத்திட்டேன். வைப்பர் மட்டும் சரக், சரக்னு போய்க்கிட்டு இருந்துச்சு.

அப்பதான் முன்னாடி ஒரு விளக்கு மின்னுச்சு.

பின் சீட்ல பெல்ட் போடலைன்னு சொல்ற விளக்கு. டிங்... டிங்... டிங்...

பெட்டி ரெண்டும் டிக்கியில. பின் சீட்ல ஒண்ணுமே இல்ல.

தொண்டை மிட்டாய் வாசனை.

எனக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவில்ல. எப்படி ஓட்டினேன்னும் தெரியல. முதலாளியம்மா வீட்டு கேட் முன்னாடி ஓரங்கட்டி நிறுத்தினேன். ஸ்டூடியோ சாவி கையில இருந்துச்சு. இறங்கி ஓடிடலாம்னு கதவுல கை வெச்சேன்.

"புதிய செய்தி. அனுப்பியவர்... மிட்டாய்."

கை அப்படியே நின்னுடுச்சு.

"தொண்டை சரியில்ல, சவுண்டு. வீட்லயே படுத்திருக்கேன். நீ சாப்பிட்டுடு."

அதேதான். அவ சாகற அன்னிக்கு அனுப்பினது. எனக்கு மனப்பாடம்.

"வேணாம்டி..."ன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல. அடுத்து என்ன வரும்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சுடுச்சு போல.

டக்.

"தப்பு."

ஒரு மூச்சு. மூக்கால உள்ள இழுக்கற மூச்சு. கஷ்டமான வரி வந்தா அவ அப்படித்தான் இழுப்பா. மெஷின் மூச்சு விடாது.

"மறுபடி."

"சவுண்டு, நான் வீட்ல இல்ல. உன் வீட்டுக்காரரோட ஏரிப் பக்கம் வந்திருந்தேன். ஒரு வருஷமா இப்படித்தான். உன் முகத்துல முழிக்க முடியல, அதான் இன்னிக்கு முடிச்சுட்டுக் கிளம்பிட்டேன். நேரா உன்கிட்டதான் வர்றேன். அடி, செருப்பால அடி. ஆனா கதவைத் திற. அவர் சொல்ல வேணாம்னு கத்தறார். பின்னாடியே கார்ல வர்றார். ஹாரன் அடிச்சுக்கிட்டே... ரொம்பக் கிட்ட வர்றார், சவுண்டு... ரொம்பக் கிட்ட..."

அதோட நின்னுடுச்சு.

"செய்தி தயார். அனுப்பவா?"

மழை.

"அனுப்பவா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்."

நான் சொல்லல. சத்தியமா நான் வாயே திறக்கல.

என் காதுக்குப் பின்னாடி... ஸ்பீக்கர்ல இல்ல... கரகரன்னு, தொண்டை கட்டின குரல்ல...

"அனுப்பு."

என் ஃபோன் டிங்குன்னுச்சு.

பெல்ட் விளக்கு அணைஞ்சுடுச்சு.

"ஃபோன் துண்டிக்கப்பட்டது."

என் ஃபோனைப் பார்த்தேன். அது இணைஞ்சபடியேதான் இருந்துச்சு. போனது வேற ஃபோன். கார் திரையைத் தொட்டுப் பார்த்தேன். இந்தக் காரோட பழகின ஃபோன் மூணு. என்னோடது, அவரோடது, அப்புறம் 'மிட்டாய்'. தன் ஃபோன்ல எல்லாத்தையும் துடைச்சவர் காரைத் துடைக்க மறந்துட்டார்.

பயந்து நடுங்கினேன்னு சொல்லத்தான் ஆசை. எனக்கு வந்தது ஆத்திரம். பேய் மேல கோபப்பட்ட ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன். பின் சீட்டைப் பார்த்துக் கத்தினேன். "என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என் கழுத்தையே அறுத்திருக்கியேடி! என் புடவையைக் கட்டிக்கிட்டா போனே?" சீட் காலியா இருந்துச்சு. அப்புறம்தான் அழுகை வந்துச்சு. எதுக்கு அழறேன்னே தெரியல. புருஷன் போனதுக்கா, தோழி போனதுக்கா, நாலு மாசமா அவளுக்காக அவர் தோள்லயே சாய்ஞ்சு அழுதேனே, அதுக்கா?

கேட்டைத் திறந்துக்கிட்டு முதலாளியம்மா குடையோட வந்தாங்க.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்லம்மா. சாவியை நானே வெச்சுக்கறேன். நாளைக்கு நான் வந்து திறக்கறேன்."

அவங்க என்னையே பார்த்தாங்க.

வீட்டுக்குப் போனேன். டிவி முன்னாடி உக்கார்ந்திருந்தார். "கொடுத்தாச்சா?"ன்னார். நான் ஃபோனை நீட்டினேன். மெசேஜைப் படிச்சார். முகத்துல ரத்தம் வத்திடுச்சு. ரெண்டாந்தடவையும் படிச்சார். பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரோ விளையாடறாங்கன்னு சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தா, பாழாப்போன மனசு, ஒருவேளை நம்பிக் கூடத் தொலைச்சிருக்கும்.

அவர் சொன்னது இதுதான்.

"இதை... அவ அனுப்பவே இல்லையே..."

"அனுப்பலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் உளறின அந்த ஒரு வரியிலயே எல்லாம் தெரிஞ்சுடுச்சு. பள்ளத்துல இறங்கியிருக்கார். அவ உயிரோட கிடந்திருக்கா. அவளைத் தூக்காம, அனுப்பாம நின்ன இந்த மெசேஜோட அவ ஃபோனைத் தூக்கிட்டு வந்திருக்கார். அன்னிக்கு ராத்திரி இதே கையாலதான் எனக்குச் சோறு ஊட்டினார்.

மிச்சத்தை அவர் போலீஸ்ல ஒத்துக்கிட்டார். இடிக்கலைன்னுதான் இன்னும் சாதிக்கறார். ஃபோனை உடைச்சு அன்னிக்கே ஏரிக்குள்ள எறிஞ்சுட்டதா எழுதிக் கொடுத்திருக்கார். அதுல ஏன் பொய் சொல்லணும் அவர்? ஆனா ஃபோன் ஏரியில கிடைக்கல. போலீஸ்காரங்க காரைச் சோதனை போட்டப்ப, டிக்கியில என் பெட்டிக்கு அடியில, ஸ்டெப்னி டயரைத் தூக்கினா அங்க இருந்துச்சு. கண்ணாடி நொறுங்கி, பாசி படிஞ்சு, சொட்டச் சொட்ட ஈரமா. டிக்கி பூரா காய்ஞ்சு கிடந்தது. அந்த ஃபோனுக்கு உயிர் வந்திருக்க வாய்ப்பே இல்லைன்னு பரிசோதிச்சவர் சொன்னார். என் ஃபோன்ல அந்த மெசேஜ் இன்னும் இருக்கு. தேதி, அவ செத்த தேதி.

இதைக் கூட ஏதாவது காரணம் சொல்லி நான் தாண்டி வந்திருப்பேன். போன வாரம் அந்தக் கம்பெனிக்காரரை ஸ்டூடியோவுல பார்த்தேன். பேச்சுவாக்குல, "அவ குரலை உங்க கார்ல கேட்டேன்"னேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

"எந்தக் கார்ல?"

சொன்னேன்.

"மேடம், அவங்க இறந்ததும் அந்த வேலையை அப்படியே நிறுத்தி வெச்சுட்டோம். அந்தக் குரல் இன்னும் எந்தக் கார்லயும் போகல. நீங்க சொல்ற காருக்குத் தமிழே கிடையாது. இங்கிலீஷ் மட்டும்தான் பேசும். அதுவும் ஆம்பளைக் குரல்."

போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நின்ன அந்தக் கார்ல, அனுமதி கேட்டு உக்கார்ந்து, ஃபோனை இணைச்சுப் பார்த்தேன். ஒரு ஆம்பளை இங்கிலீஷ்ல பேசினான்.

இப்ப ஸ்டூடியோவை நான்தான் நடத்தறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ நாற்காலி காலியா கிடக்கு. நான் இன்னும் மன்னிக்கல. அவரையும் இல்ல, அவளையும் இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்துதான் என்னை ஏமாத்தினாங்க. ஆனா ஒருத்தி மட்டும், செத்த பிறகும், தப்போட விட்டுட்டு வீட்டுக்குப் போகல.